இடது முழங்கால்

ஆதில்,

ஸலாமைக் கடைசியில் சொல்கிறேன். முழுவதும் வாசித்த பிறகும் அதை வாங்கிக்கொள்ள உனக்கு மனம் இருந்தால் வாங்கிக்கொள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். தடுக்கும் இடத்தில் உம்மாவைக் கேள். அவளுக்கும் இதில் பாதி தெரியாது, தெரிந்துகொள்ளட்டும். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் என் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யை நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஒரே பக்கம், இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. அந்த மொழியில் எழுதினால் இந்த முறையும் நான் மரியாதையான ஆளாகத் தெரிந்துவிடுவேன்.

போன சனிக்கிழமை நியூ ஜெர்சி எடிசனில் நிக்காஹ் விருந்து. ஹமீது காக்கா உன் தோளில் கை போட்டார். நம்மூர்க்காரர், எனக்கு அண்ணன் முறை, கன்சல்டிங் கம்பெனி முதலாளி, என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர். "என்ன தம்பி, டிகிரி முடிச்சாச்சு, வேலைதான் கிடைக்கலையாமே? அமெரிக்காவுக்கே வேலை இல்லை, உனக்கு எங்கேருந்து வரும்! வர்ற வாரம் விட்டு, அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்து சைன் பண்ணு. ரிசோர்ஸ் மேனேஜர். கெஸ்ட் ஹவுஸ் சாவி எல்லாம் உன் கையில. பெஞ்சுல கிடக்கிற பசங்களை நீதான் மேய்க்கணும்." நீ "தேங்க்ஸ் அங்கிள்" என்றாய். அவர் உன்னிடம் என்னைக் காட்டினார். "உன் வாப்பா மாதிரி விசுவாசமா இருந்தாப் போதும். ஒரே ஃபேக்ஸ்ல எனக்கு ஒரு காரியத்தை முடிச்சுக் கொடுத்த ஆளுல்ல!" சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நீயும் சிரித்தாய். பிரியாணித் தட்டோடு நின்ற நானும் சிரித்தேன்.  அந்த ஃபேக்ஸ் என்னவென்று இப்போது சொல்கிறேன்.

2001இல் உனக்குப் பதினாலு வயது. டாட்காம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தபோது என் ப்ராஜெக்டும் போனது. வேலை இல்லாமல் கம்பெனிக் கணக்கில் சும்மா கிடப்பவனுக்கு எங்கள் தொழிலில் ஒரே பெயர்தான்: பெஞ்சில் இருக்கிறான். விசா காக்கா கையில், டிகிரி சர்டிபிகேட்டின் ஒரிஜினல் அவர் அலமாரியில், வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமானால் வேண்டிய ரிலீவிங் லெட்டர் அவர் வாயில். இதை நாங்கள் யாரும் வெளியே சொல்லமாட்டோம். பள்ளிவாசலில் பார்த்தால், வேலை தலைக்குமேல் இருக்கிற மாதிரி, "க்ளையன்ட் ரொம்ப டைட்" என்போம். மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் என்று நாலு அபார்ட்மென்ட். ஒவ்வொன்றிலும் பாய் விரித்து ஆறு இன்ஜினியர்கள். குடும்பம் இருந்ததால் நமக்கு மட்டும் ஒரு தனி அறை வீடு. "சும்மா இருக்காதே, ஆபீஸைப் பார்த்துக்க" என்று காக்கா என்னைத் தட்டச்சுக்கும் ஃபோனுக்கும் ஃபேக்ஸுக்கும் உட்காரவைத்தார். பத்து வருஷம் புரோக்ராம் எழுதியவன் அவருக்கு டீ வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் அவருக்கு ஒரு புது ஆசை வந்தது. ஜெர்சியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்ன லீக்கில் ஒரு ஃபுட்பால் டீமை வாங்கினார். பார்க்க வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் டீம் ஓனர் என்று விசிட்டிங் கார்டு அடிக்கலாம் அல்லவா? போர்த்துக்கல்லிலிருந்து ஒரு ஆளை இறக்கினார். அவர்தான் ஆர்லிந்தோ. முப்பத்தொரு வயது, லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரர். எங்களைக் கொண்டுவந்த மாதிரியேதான் அவரையும் கொண்டுவந்தார். அதே மாதிரி ஒப்பந்தம், அதே கெஸ்ட் ஹவுஸ், கீழ்த்தளம். காக்காவுக்கு ஃபுட்பால் தெரியாது. நம்மூரில் பிறந்து அது தெரியாமல் இருக்க ஒரு தனித் திறமை வேண்டும். மூன்றாவது மேட்சில், "எனக்கு கோல் வேணும், ஜனங்க கோல் பார்க்கத்தான் வர்றாங்க, நீ முன்னாடி போய் ஆடு" என்றார். ஆர்லிந்தோ, "நான் லெஃப்ட் பேக். முன்னால் ஆடத் தெரிந்தால் நான் ஏன் ஜெர்சிக்கு வருகிறேன்?" என்றார். அடுத்த மேட்சிலிருந்து அவருக்கு பெஞ்ச்.

அதற்கடுத்த நாள் லாண்டரி ரூமில் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஓட்டை ஆங்கிலம். ஆறுதல் சொல்வதாக நினைத்து, "கவலைப்படாதே, நானும் பெஞ்சில்தான் இருக்கிறேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், தொப்பையில் வந்து நின்றார். "நீயா? எந்த பொசிஷன்?" "ஜாவா." "அது எங்கே இருக்கிறது, நடுவிலா?" விளக்கினேன். ஒரு கம்பெனி என்னை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பும், அங்கே வேலை முடிந்தால் திருப்பி அனுப்பும், அடுத்தவன் கேட்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், போக வேண்டுமானால் முதலாளி லெட்டர் தர வேண்டும். வாஷிங் மெஷின்மேல் கையால் அடித்துச் சிரித்தார். "இது லோன்! எங்களையும் கிளப்புக்குக் கிளப் இப்படித்தான் விடுவார்கள்! உன்னை லோனில் விடுகிறார்கள்! நீ ஃபுட்பாலர்தானய்யா!" அந்த வருஷம் என்னைப் பார்த்து ஒருவன் மரியாதையோடு சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் கதையை நீ பாதிதான் கேட்டிருப்பாய். பதின்மூன்று வருஷம், பதினோரு கிளப். ஒரு மீன்பிடி ஊரில் ஆரம்பித்து, மூன்றாம் டிவிஷன், ஒரு தீவு, திரும்ப மூன்றாம் டிவிஷன், முதலாளி ஒரு நாள் காணாமல் போன சைப்ரஸ் கிளப் ஒன்று, மறுபடி இரண்டாம் டிவிஷன். மேல் டிவிஷனில் ஒரே ஒரு சீசன். அதில் நாலு மேட்ச், நாலும் மாற்று ஆட்டக்காரராக. அந்த நாலையும் நிமிடம் நிமிடமாகச் சொல்வார். எந்தப் பக்கம் காற்று அடித்தது என்பது உட்பட. நல்ல ஆட்டக்காரரா என்று கேட்டால், நான் ஊர்க் கடற்கரை மைதானத்தில் பத்து வருஷம் நின்று பார்த்தவன், சொல்கிறேன்: வேலை தெரிந்தவர். யாரும் போஸ்டர் ஒட்டாத, ஆனால் இல்லாவிட்டால் டீம் தோற்றுப்போகிற வகை. உலகத்தில் முக்கால்வாசி வேலையை அந்த வகைதான் செய்கிறது. ஒவ்வொரு கிளப்பும் கொடுத்த வீட்டின் சாவியை அவர் திருப்பிக் கொடுத்ததே இல்லை. "போகச் சொல்லும்போது காலையில் சொல்வார்கள், மதியம் பஸ். சாவியை எங்கே கொடுப்பது?" பதினோரு சாவி ஒரே வளையத்தில். "ஷாவ்" என்றார் அதைக் காட்டி, தன் மொழியில். "எங்கள் ஊரிலும் சாவிதான்" என்றேன். "எங்களிடமிருந்து திருடிவிட்டீர்கள்" என்றார். "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்க எங்க கப்பலைக் கொளுத்தினதுக்கு ஒரு சாவியாவது வேண்டாமா?" என்றேன். அதற்கும் சிரித்தார்.

சனிக்கிழமைகளில் டவுன்ஷிப் பார்க்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி காக்காதான் அவரை அனுப்பினார், பேனர் கட்டி, போட்டோ எடுக்க. அங்கேதான் நீ அவரிடம் சிக்கினாய். போர்த்துக்கல்லில் கோச்சை 'மிஸ்டர்' என்பார்களாம். ஒரு வாரத்தில் உனக்கும் அவர் 'மிஸ்டர்' ஆகிவிட்டார். வீட்டில் மிஸ்டர் அப்படிச் சொன்னார், மிஸ்டர் இப்படிச் சொன்னார் என்று உன் வாய் ஓயாது. உம்மா, "அந்த மிஸ்டரையே வாப்பாவா வச்சுக்க" என்பாள். எனக்குப் பொறாமை இருந்தது. இல்லை என்று எழுதமாட்டேன். உன் இடது கால் நல்ல கால் என்று அவர்தான் முதலில் சொன்னார். நான் பதினாலு வருஷம் அதைக் கவனிக்கவில்லை.

அந்தச் செப்டம்பருக்குப் பிறகு நாம் எப்படி இருந்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உம்மா முக்காடோடு கடைக்குப் போகப் பயந்தாள். நான் தாடியை எடுத்தேன். ஒரு சனிக்கிழமை பார்க்கில் எவனோ ஒருவன், இன்னொரு பையனின் தகப்பன், உன் பெயரைக் கேட்டுவிட்டு, "இவன்கூட என் பையன் ஆடமாட்டான், ஊருக்குப் போகச் சொல்லு" என்று கத்தினான். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். என் ஷூவைப் பார்த்தேன். ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்தேன், ஆதில். ஆர்லிந்தோ மைதானத்துக்குக் குறுக்கே நடந்து போனார். "இவன் என் லெஃப்ட் பேக். நானும் வெளியூர்க்காரன்தான். என்னிடம் சொல்." அவ்வளவுதான். அந்த ஆள் காரை எடுத்துக்கொண்டு போனான். நீ அன்றைக்கு ஆர்லிந்தோவைப் பார்த்த மாதிரி என்னை ஒருபோதும் பார்த்ததில்லை. நியாயம்தான்.

இப்போது ஃபேக்ஸ். ஜனவரியில் ஆர்லிந்தோவின் சொந்த ஊர்க் கிளப் அவரைக் கேட்டது. முதன்முதலில் அவர் ஆடிய அதே மீன்பிடி ஊர். இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியிருந்தார்கள். ஒன்றரை வருஷம் ஆடச் சொன்னார்கள், அதன்பிறகு அங்கேயே சிறுவர் அணிக்குக் கோச். அதாவது பன்னிரண்டாவது சாவி, கடைசிச் சாவி. மாதக் கடைசிக்குள் இங்கிருந்து ரிலீஸ் பேப்பர் போக வேண்டும். அவர்களுடைய கடிதம் என் மெஷினில்தான் வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு காக்காவின் அறைக்கு ஓடினேன். காக்கா ஃபோனில் இருந்தார். ஒரு கையால் ஃபோனின் வாயை மூடிக்கொண்டு, "என்னாது?" என்றார். சொன்னேன். "அதெல்லாம் விட முடியாது." "காக்கா, அவரை நாம ஆட வைக்கறதே இல்லையே. பெஞ்சுலதானே இருக்கார்." "அதனாலதான். பெஞ்சுல இருக்கிற ஒருத்தனை நான் கேட்டவுடனே விட்டேன்னு வை, நாளைக்கு கெஸ்ட் ஹவுஸ்ல இருக்கிற இருபத்தி நாலு பேரும் லெட்டர் கேட்டு வரிசையில நிப்பான். நீ முதல்ல நிப்பே." பிறகு குரலை இறக்கினார். "டெக்சாஸ்ல ஒரு ப்ராஜெக்ட் வந்திருக்கு. உன் க்ரீன் கார்டு ஃபைலையும் இந்த வாரமே மூவ் பண்ணலாம்னு இருக்கேன். அவனுங்களுக்கு ஏதாவது எழுதி மூடு." "என்ன எழுத?" "ஏதாவது எழுதுப்பா. அதையும் நான்தான் சொல்லணுமா?" ஃபோனுக்குத் திரும்பிவிட்டார்.

நான் எழுதினேன். 'வீரரின் இடது முழங்கால் தசைநார் கிழிந்துள்ளது, அவர் மீண்டும் தொழில்முறையில் ஆட வாய்ப்பில்லை என்று மருத்துவர் கருதுகிறார்.' அந்த முழங்கால் காக்கா சொன்னதில்லை. என் சொந்தக் கற்பனை. காய்ச்சல் என்று எழுதியிருந்தால் அடுத்த வாரம் கேட்டிருப்பார்கள். நான் ஃபுட்பால் தெரிந்தவன், எதை எழுதினால் ஒருவரும் திரும்பிக் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். 'டீம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று என் பெயருக்குக் கீழே ஒரு பதவியையும் நானே போட்டுக் கையெழுத்துப் போட்டேன். காக்காவிடம் நீட்டினேன். "அனுப்பு, அனுப்பு" என்றார். வாசிக்கவில்லை. மெஷின் அந்தக் காகிதத்தை இழுத்துக்கொண்டு மறுபக்கம் துப்பியது. அந்த ஒரிஜினலைக் கிழிக்க முடியாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஆர்லிந்தோ தினமும் ஆபீஸ் கண்ணாடியைத் தட்டி, "கார்ட்டா வந்ததா?" என்று கேட்பார். கார்ட்டா என்றால் கடுதாசி. "இல்லை" என்பேன். மாதம் முடிந்தது. அவர்கள் உலகம் சின்னது. இடது முழங்கால் போன லெஃப்ட் பேக்கை அதற்குப் பிறகு ஒரு கிளப்பும் கேட்கவில்லை.

மார்ச்சில் அவர் போனார். சொல்லாமல் போனார் என்று உன்னிடம் சொன்னேன். பொய். நம் வீட்டுக்கு வந்தார். நீ உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் கதவை ஒரு சாண் திறந்து, "ஆதில் ட்யூஷன் போயிருக்கான்" என்றேன். உன்னைப் பார்த்தால் என்னால் தாங்க முடிந்திருக்காது. சாவிக்கொத்தை நீட்டினார். கெஸ்ட் ஹவுஸ் சாவியையும் அதில் கோத்திருந்தார், கணக்குக்குப் பன்னிரண்டு. "பையனிடம் கொடு. ஒன்றையாவது அவன் உள்ளே இருந்து பூட்டுகிற வீட்டுச் சாவியாக ஆக்கிக்கொள்ளச் சொல்." நான் அதை டூல் பாக்ஸின் அடியில் போட்டேன். டெக்சாஸுக்கும் தூக்கிப் போனேன், திரும்பியும் கொண்டுவந்தேன்.

டெக்சாஸில், ப்ளேனோவில், உன் பள்ளிக் கோச் வீடு தேடி வந்து கேட்டார். நீ அறையிலிருந்து வெளியே வராமல், "ஐ டோன்ட் ப்ளே" என்றாய். பதினேழு வயதில் காலேஜ் அட்மிஷனுக்கு ஒரு கட்டுரை எழுதினாய். உன்னை நம்பவைத்துவிட்டுச் சொல்லாமல் ஓடிப்போன ஒரு கோச்சைப் பற்றி. யாரையும் எதிர்பார்க்காமல் வாழ அவன் உனக்குக் கற்றுக்கொடுத்தான் என்று. படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தாய். நான் படித்தேன். கமா விட்டுப்போன இடங்களில் கமா போட்டுக் கொடுத்தேன். அந்தக் கட்டுரைக்குத்தான் உனக்குக் காலேஜ் கிடைத்தது. என் மகன் ஒரு நல்ல மனிதனை வெறுத்து ஆளானான், நான் அதற்கு இலக்கணம் திருத்தினேன்.

விருந்து முடிந்த மறுநாள் நுவார்க் போனேன். போர்த்துக்கீசியர்கள் இருக்கும் தெருவில் பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கி, ஆர்லிந்தோவை அறிந்த ஒருவரைப் பிடித்து நம்பர் வாங்கினேன். அவர் இப்போது லக்ஸம்பர்க்கில் தரைக்கு ஓடு பதிக்கிறார். முட்டி போட்டுச் செய்கிற வேலை. ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்த முழங்கால்?" "இடது." "அந்தக் காலால்தான் நான் சாப்பிட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதை நிறுத்து. உன் அழுகை எனக்கு வேண்டாம். கார்ட்டாவில் எழுதினாய், கார்ட்டாவிலேயே திருப்பி எழுது. எல்லோரும் படிக்கிற மாதிரி எழுது." ஃபோனை வைக்கும் முன், "பையன் ஆடுகிறானா?" என்றார். இல்லை என்றேன். அவர் கெட்ட வார்த்தை சொன்னது எனக்கா காக்காவுக்கா என்று தெரியவில்லை.

எனவே இது உனக்கு மட்டும் எழுதிய கடிதம் இல்லை. உம்மா பதற வேண்டாம், யோசித்துத்தான் செய்கிறேன். ஒரு பிரதி அந்த மீன்பிடி ஊர்க் கிளப்புக்கு, ஃபேக்ஸ் ஒரிஜினலோடு, ஆங்கிலத்தில் என் வாக்குமூலத்தோடு. ஒன்று நம் ஜமாஅத் மெயில் குரூப்புக்கு, "க்ளையன்ட் ரொம்ப டைட்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும். கெஸ்ட் ஹவுஸின் நாலு கதவுக்கு அடியிலும் ஒவ்வொன்று. ரிலீவிங் லெட்டரை மறுத்தால், சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்தால் எந்த அரசாங்க ஆபீஸுக்கு எழுத வேண்டும் என்ற விலாசமும் அதில் இருக்கிறது. முதல் புகார் என் பெயரில் போய்விட்டது. க்ரீன் கார்டு வாங்கிய கதையைக் கிளறினால் எனக்கும் ஆபத்து என்று வக்கீல் சொன்னார். கிளறட்டும். இதுவரை காக்காவை 'அவர்' என்று எழுதினேன், பழக்கம். இனி அவன். ஊர்க்காரன், வயதில் மூத்தவன், ஐந்து நேரம் தொழுகிறவன் என்பதற்காக ஒருவனுக்கு 'ர்' போட்டுப் போட்டே நம்மில் எத்தனை பேர் பாயில் கிடக்கிறோம்! எனக்கு அவன் திருந்த வேண்டாம். அவன் பெயரைக் கேட்டால் ஊரில் ஒரு வீட்டிலும் டீ போடக்கூடாது. அது போதும்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் சொல்கிறேன், தகுதி உள்ளவர்கள் யாரும் சொல்லவில்லை. வேலை இல்லாமல் இரு. ஆறு மாதம், ஒரு வருஷம் இரு. வீட்டில் சோறு இருக்கிறது. பெஞ்சில் உட்காருவது கேவலம் இல்லை, உன் மிஸ்டர் பதின்மூன்று வருஷம் உட்கார்ந்து எழுந்த மனிதர். அடுத்தவனை பெஞ்சில் உட்காரவைத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வதுதான் கேவலம். அந்த மேஜையில் கையெழுத்துப் போட்டால், ஒரு நாள் ஒரு ஃபேக்ஸ் வரும். "ஏதாவது எழுதி மூடு" என்பான். நீ என் மகன், உனக்கு எழுத வரும். அதுதான் எனக்குப் பயம்.

இந்தக் கவரில் உனக்குப் பதினோரு சாவி இருக்கிறது. எட்டு வருஷம் தாமதம். லக்ஸம்பர்க் நம்பரையும் வளையத்தில் கட்டியிருக்கிறேன். பன்னிரண்டாவதை, அந்தக் கெஸ்ட் ஹவுஸ் சாவியைக் கழற்றி, இந்தக் கடிதத்தின் பிரதியோடு கூரியரில் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவன் மேஜைக்குப் போய்ச் சேரும், உனக்கு ஒரு மணி நேரம் முன்னால். நீ போகாமல் இருக்கலாம். போனால் உட்காராதே. கத்துவான், உன் வாப்பாவுக்குப் பைத்தியம் என்பான், தான் செய்த உதவிகளை வரிசையாகச் சொல்வான். முடிக்கட்டும். நின்றபடியே ஒன்றே ஒன்று கேள்: எந்த முழங்கால்?

யாராவது ஃபோனில் சொன்னதை வைத்துத்தான் கத்துவான், கடிதத்தைத் திறந்தே பார்த்திருக்கமாட்டான், அவனுக்குத் தெரியாது. அன்றைக்கும் அவன் வாசிக்கவில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வா. ஸலாம் சொல்கிறேன்.

வாப்பா